அறிந்தும் அறியப்பட்டும்

நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஓர் ஐயத்தோடு நம் இல்லம் வந்தார். அவருடைய மகள் கணிதத்தில் பட்டம் பெற்றவள். ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விருப்பம். அதற்கான பி.எட். பயிற்சியில் சேர இரு கல்லூரிகள் அவள் முன் இருந்தன. ஒன்று, நம் சமுதாயப் பெரியவர்கள் தொடங்கி நடத்துவது. அங்கே தொழுகைக்கு இடமுண்டு. பர்தா பற்றி எவரும் வினவமாட்டார். நோன்புக் காலத்தில் விடுதியிலேயே ஸஹருக்கு எழுப்பி உணவு தருவார்கள். மற்றொன்று அரசுக் கல்லூரி. பல சமயத்தாரும் பல சாதியாரும் கலந்து பயிலும் இடம். "நம் பிள்ளை நம் கல்லூரியில் படிப்பதுதானே ஹஜ்ரத் முறை?" என்று கேட்டார். வினாவோடு விடையையும் அவர் கையிலேயே கொண்டு வந்திருந்தார் என்பது அவர் கேட்ட தொனியிலேயே தெரிந்தது. நாம் தலையசைத்தால் போதும். தேநீரை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

நம்மால் தலையசைக்க இயலவில்லை. மறுத்துரைக்கவும் இயலவில்லை. "இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்" என்றோம். அவர் சற்றே வருத்தத்தோடு சென்றார். தொழுகை, திருமணம், வாரிசுரிமை பற்றியெல்லாம் உடனுக்குடன் விடை சொல்லும் நாம் இதற்கு ஏன் தயங்கினோம் என்று அவர் வியந்திருக்கலாம்.

தயங்கியதன் காரணம் இதுதான். மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைக்கும் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கும் எழாத ஒரு கேள்வி, ஆசிரியப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு எழுகிறது. பிறரோடு ஒருநாளும் அமர்ந்து பயிலாத ஒருவர், பிறரோடு கூடி வாழும் கல்வியை மாணவர்க்குப் புகட்ட இயலுமா? கணிதத்துக்குச் சமயம் ஏது என்று கேட்பார் உளர். கணிதத்துக்கு இல்லைதான், ஆனால் கணித ஆசிரியை நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கிறாள். எவரை முதல் வரிசையில் அமர்த்துவது, எவரை வகுப்புத் தலைவராக்குவது, பெருநாளன்றும் பொங்கலன்றும் வராத பிள்ளையிடம் மறுநாள் என்ன சொல்வது என்றெல்லாம் அவள்தான் முடிவு செய்கிறாள். வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால் ஆசிரியையின் பார்வை முதலில் எந்தப் பிள்ளை மீது விழுகிறது என்பதை நாற்பது பிள்ளைகளும் கவனிக்கிறார்கள். குடிமைக் கல்வியின் முதற்பாடம் அந்த ஒரு பார்வையில் நடந்து முடிந்துவிடுகிறது. குடிமையியல் பாடநூல் அதற்குப் பிறகுதான் திறக்கப்படுகிறது.

நம் நாட்டின் அரசியல் சட்டம் இவ்விஷயத்தில் நமக்கு ஓர் உரிமையையும் ஒரு கடமையையும் தந்திருக்கிறது. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தலாம் என்பது 30 ஆம் பிரிவு. சமய, மொழி, வட்டார வேற்றுமைகளைக் கடந்து மக்களிடையே சகோதர உணர்வை வளர்க்க வேண்டும் என்பது 51 அ பிரிவில் வரும் கடமைகளுள் ஒன்று. 1976 இல் 42 ஆம் திருத்தத்தின் வழிச் சேர்க்கப்பட்டது. உரிமையைச் சொல்லும் பிரிவின் எண் நம் கூட்டங்களில் எல்லார்க்கும் மனப்பாடம். கடமையைச் சொல்லும் பிரிவின் எண்ணை நாமும் இக்கட்டுரைக்காகத்தான் புரட்டிப் பார்த்துக்கொண்டோம்.

நம் வழக்கை நாமே ஆராயும்போது கண்ணில் நீர் நிறைந்துவிடும், தெளிவு இராது. ஆகையால் இதே வழக்கு நெடுங்காலமாக நடந்துவரும் வேறோர் ஊரைச் சற்றுப் பார்ப்போம். அது வட அயர்லாந்து. அங்கே இவ்வழக்கில் முஸ்லிமும் இந்துவும் கட்சிக்காரர் அல்லர். இரு சாராரும் கிறித்தவர்களே. ஒரு சாரார் கத்தோலிக்கர், மறு சாரார் புராட்டஸ்டண்டுகள்.

1921 இல் வட அயர்லாந்து தனி ஆட்சிப் பகுதியானபோது, அதன் முதற் கல்வி அமைச்சராயிருந்த லண்டன்டெரி பிரபு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ்ப் படிக்கட்டும் என்று எண்ணினார். அதற்காக 1923 இல் ஒரு சட்டமும் கொண்டுவந்தார். இரு தரப்புத் திருச்சபைகளும் எதிர்த்தன. வேறெதிலும் ஒன்றுபடாத அவர்கள் இதில் மட்டும் ஒன்றுபட்டார்கள் என்பது வரலாற்றின் குறும்பு. 1925 இலும் 1930 இலும் சட்டம் திருத்தப்பட்டது. அரசுப் பள்ளிகள் நடைமுறையில் புராட்டஸ்டண்டுப் பிள்ளைகளின் பள்ளிகளாயின. கத்தோலிக்கர் தம் பள்ளிகளைத் தாமே நடத்திக்கொண்டனர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நாம் இங்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வூரில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிகளும் இரண்டாகவே நின்றன. பெல்பாஸ்ட் நகரில் செயின்ட் மேரீஸ் கல்லூரி 1900 இல் கத்தோலிக்கக் கன்னியரால் தொடங்கப்பெற்றது. அதே நகரில் ஸ்ட்ரான்மில்லிஸ் கல்லூரி 1922 இல் அரசால் தொடங்கப்பெற்றது. அங்கே பயின்றோரில் மிகப் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். இன்று இரண்டும் குயின்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஒரே நகரம், ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டம். வாயில் மட்டும் இரண்டு. கத்தோலிக்கக் குழந்தை ஒன்று கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, கத்தோலிக்கக் கல்லூரியில் பயிற்சி பெற்று, கத்தோலிக்கப் பள்ளிக்கே ஆசிரியராய்த் திரும்பிவரலாம். மறுபுறமும் அவ்வாறே. இந்த வட்டத்தில் ஒருமுறைகூட மற்றவரோடு ஒரு பலகையில் அமர வேண்டிய கட்டாயம் இல்லை.

வேலை தருவதில் சமய வேற்றுமை பாராட்டக்கூடாது என்று அங்கே 1976 இல் சட்டம் செய்தார்கள். பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்தார்கள். தச்சர்க்கும் எழுத்தர்க்கும் காட்டக்கூடாத வேற்றுமையை ஆசிரியர்க்குக் காட்டலாம் என்பது பொருள். அவ்விலக்கை நீக்கும் சட்டத்தை அந்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது 2022 இல். இடையில் 46 ஆண்டுகள்.

இதற்கிடையே அந்நாடு இரத்தத்தில் தோய்ந்தது. 1960 களின் இறுதியில் மூண்ட கலவரம் 1998 ஆம் ஆண்டு ஏப்ரல் உடன்படிக்கை வரை நீண்டது. ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். பள்ளிகள் பிரிந்திருந்ததால்தான் கலவரம் மூண்டது என்று நாம் சொல்லவில்லை. நிலம், வேலை, வீடு, வாக்குரிமை, ஆட்சி என்று அதற்கு வேர்கள் பல. ஆனால் அண்டை வீட்டானைக் கதைகளின் வழியாக மட்டுமே அறிந்து வளர்ந்த பிள்ளைகள் அக்கதைகளை நம்புவதில் வியப்பில்லை.

பெற்றோர் சிலர் பொறுக்கமாட்டாமல் 1981 இல் லாகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினர். இரு சாராரின் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் பள்ளி. முதல்நாள் வந்தவர் 28 பேர். இன்று அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பயில்கின்றனர். அதைப் பின்பற்றி வேறு பல பள்ளிகளும் எழுந்தன. ஆயினும் நாட்டின் மொத்த மாணவரில் இத்தகைய பள்ளிகளில் பயில்வோர் இன்றும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே.

அரசும் சும்மா இருக்கவில்லை. பரஸ்பரப் புரிதலுக்கான கல்வி என்ற ஒன்றை எல்லாப் பள்ளிகளிலும் 1992 முதல் சட்டப்படி கட்டாயமாக்கியது. நோக்கம் உயர்ந்தது. நடந்தது என்ன? இரு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரு பேருந்தில் ஏற்றி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவார்கள். போகும்போது இப்பள்ளிப் பிள்ளைகள் முன்புறம், அப்பள்ளிப் பிள்ளைகள் பின்புறம். திரும்பும்போதும் அவ்வாறே. வகுப்பிலோ, எதைப் பேசினால் புண்படுமோ அதைப் பேசாமல் விடுவதே பண்பு என்று ஆசிரியர்கள் எண்ணினர். ஆய்ந்தவர்கள் சுட்டிக்காட்டிய குறை ஒன்றுதான்: கற்பிக்க வேண்டிய ஆசிரியர்க்கே இதில் பயிற்சி இல்லை. தான் வாழ்நாளில் நெருங்கிப் பழகாத ஒரு சாராரைப் பற்றி எந்த ஆசிரியர் துணிந்து பேசுவார்?

பின்னர் 2007 இல் புதிய பாடத்திட்டம் வந்தது. குடிமைக் கல்வி அதில் இடம்பெற்றது. 2016 இல் இரு தரப்புப் பள்ளிகளும் வகுப்புகளைப் பகிர்ந்து நடத்த ஒரு சட்டம் வந்தது. பயிற்சிக் கல்லூரிகளை ஒரே வளாகத்தில் கொண்டுவரும் யோசனை 1980 களின் தொடக்கத்திலேயே எழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது, யோசனை கைவிடப்பட்டது. இன்றும் வாயில்கள் இரண்டே.

இங்கே நாம் ஒன்றை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். அந்த எதிர்ப்பைப் படித்தபோது நமக்குக் கோபம் வரவில்லை, அனுதாபமே வந்தது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் அன்று சிறுபான்மையினர். அரசு தம்முடையதாக இல்லாதபோது, பள்ளியும் கல்லூரியுமே தம்முடையவை என்று அவர்கள் எண்ணியதில் நியாயம் உண்டு. தம் பிள்ளைகள் தம் மரபை அறியாமல் போய்விடுவார்களோ என்ற அச்சம், கலந்தால் கரைந்துவிடுவோமோ என்ற அச்சம், நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் வீடு வீடாய்ச் சென்று கைம்மடியிலிருந்து கொடுத்தும் கேட்டும் கட்டிய கல்லூரிகளின் சுவர்களில் அந்த அச்சமும் ஒரு செங்கல்தான். அக்கல்லூரிகள் இல்லாவிடில் நம் சமுதாயத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணிப் பார்ப்போர் எவரும் அவற்றைக் குறைத்துப் பேசமாட்டார். அவற்றின் வாயில் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்தே இருந்து வருகிறது என்பதையும் மறக்கலாகாது.

ஆகையால் தனிக்கல்லூரி கூடாது என்று எளிதாய்ச் சொல்லிவிட நம்மால் ஆகாது. அப்படியானால் வினா தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை.

மத்ரஸாவில் நாம் முதன்முதல் ஓதியது ஸர்ஃபு என்னும் சொல்லிலக்கணம். மீஸானும் முன்ஷஇபும் ஓதி, வினைச்சொற்களை அச்சில் வார்ப்பது போல் ஒவ்வொரு பாபிலும் வார்த்துப் பழகினோம். அவற்றுள் தஃபாஉல் என்று ஒரு பாபு உண்டு. ஒரு வினையை அந்த அச்சில் வார்த்தால், அச்செயலை இருவர் ஒருவர்க்கொருவர் செய்துகொண்டார்கள் என்று பொருள்படும். 'அரஃப' என்றால் அறிந்தான். 'தஆரஃப' என்றால் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். மனிதரைப் பல இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியதன் நோக்கத்தைத் திருமறை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13 ஆம் வசனத்தில் சொல்லும்போது இறைவன் கையாளும் சொல் இந்தப் பாபில் வருவதே. நீ பிறரை அறிந்துகொள் என்று மட்டும் சொல்வதானால் முதல் பாபே போதும். இங்கே சொல்லின் அமைப்பே இரண்டு பேரைக் கேட்கிறது. அறிபவன் அறியப்படவும் வேண்டும்.

பிற சமயத்தாரைப் பற்றிப் பாடம் நடத்துவது முதல் பாபு. அதில் நான் ஆய்வாளன், அவர் பொருள். என் வீட்டுக் கதவு சாத்தியே இருக்க, அவர் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்க்கலாம். பல்கலைக்கழகங்கள் இன்று பண்பாட்டிடைக் கல்வி என்று பெயரிட்டு நடத்தும் பாடங்களில் பல இந்த வகையில்தான் சேரும். எந்தப் பண்டிகைக்கு எந்தப் பலகாரம் என்று அட்டவணை எழுதி மனப்பாடம் செய்வதற்கு மற்றவர் எவரும் நம் எதிரில் இருக்க வேண்டியதில்லை.

அந்தப் பாபுக்கு வேறொரு பொருளும் உண்டு. நம் உஸ்தாது அதைச் சொல்லிச் சிரிப்பார். இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் அதே அச்சில்தான் வரும். 'தமாரள' என்றால் நோயாளி போல் நடித்தான். 'தஜாஹல' என்றால் அறிந்தும் அறியாதவன் போல் நடித்தான். மதரஸாவுக்கு வராமலிருக்க வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பையனுக்கு முதலாவது எடுத்துக்காட்டு பொருந்தும். பேருந்தில் முன்னும் பின்னுமாய் அமர்ந்து போன அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு இரண்டாவது பொருந்தும். தெருவில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வகுப்பில் தெரியாதது போல் நடந்துகொண்டார்கள். நம்மிலும் இது இல்லையா? ஒரே தெருவில் முப்பது ஆண்டு வாழ்ந்து, பெருநாளுக்குப் பிரியாணியும் தீபாவளிக்கு முறுக்கும் பரிமாறிக்கொண்டு, ஊரில் ஒரு சச்சரவு வந்தால் ஒருவரையொருவர் பார்க்காதது போல் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

நமக்கு நேர்ந்த ஒன்றை இங்கே சொல்வது தகும் என்று எண்ணுகிறோம். மத்ரஸாவில் ஸனது பெற்ற பின் தமிழில் பட்டம் பெற்று, 1990 களின் பிற்பகுதியில் ஒரு கல்லூரியில் பி.எட். சேர்ந்தோம். தாடியும் தொப்பியுமாய் அவ்வகுப்பில் இருந்தவர் நாம் ஒருவரே. நம் பலகையில் அமர்ந்தவர் நெல்லைப் பக்கத்தவர். கோயிலில் தேவாரம் ஓதும் குடும்பத்தில் பிறந்தவர். ஓராண்டு பக்கத்தில் இருந்தோம். இருவரும் நல்லபடியாகவே பழகினோம். பாடக்குறிப்பேட்டையும் வண்ணச் சுண்ணக்கட்டியையும் பகிர்ந்துகொண்டோம். சமயம் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அதைப் பண்பு என்றே இருவரும் எண்ணியிருந்தோம்.

கற்பித்தல் பயிற்சிக்காக எங்களை ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் பாடநூலின் செய்யுள் பகுதியை அறியாதார் யார்? தேவாரத்தையடுத்துச் சீறாப்புராணம், அதையடுத்துத் தேம்பாவணியோ இரட்சணிய யாத்திரிகமோ. நமக்கு அப்பர் பாடல் வந்தது. அவருக்கு உமறுப்புலவர், அதிலும் மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் வலையில் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புமளவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாய் நின்ற நிகழ்ச்சி.

அன்று மாலை அவர் நம் அறைக்கு வந்தார். முதலில் சில அரபுச் சொற்களின் உச்சரிப்பைக் கேட்டார். பிறகு சற்றே தயங்கி, "நபிகள் பெயரை நான் சொல்லும்போது கூடவே நீங்கள் ஏதோ சொல்வீர்களே, அதை நானும் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் வகுப்பிலிருக்கும் உங்கள் பிள்ளைகள் வருந்துவார்களா? சொன்னால், இவர் எதற்கு இதைச் சொல்கிறார் என்று நினைப்பார்களா?" என்று வினவினார். அந்த வினாவின் நுட்பத்தை நாம் அன்று முழுதும் உணரவில்லை. "மரியாதையோடு பெயரைச் சொன்னால் போதும், பிள்ளைகள் தாமே ஸலவாத்துச் சொல்லிக்கொள்வார்கள்" என்றோம். அவர் நன்றி கூறிச் சென்றார்.

அவரிடம் அப்பரைப் பற்றி ஒரு சொல்லும் நாம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. நம்மிடம் அகராதி இருந்தது, இலக்கணம் இருந்தது. மறுநாள் சீர் பிரித்தோம், அருஞ்சொற்பொருள் எழுதினோம், இலக்கணக் குறிப்புச் சொன்னோம்; மணியடிக்கும் முன்பே பாடம் முடிந்தது. மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் நம் குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினார்: பிழை இல்லை, பாடல் வகுப்புக்குள் வரவில்லை. நமக்குச் சுருக்கென்றது. பல நாள் அவர் மீது மனத்தாங்கல் இருந்தது. நாம் முஸ்லிம் என்பதால் இப்படி எழுதிவிட்டார் என்று நம் உள்ளம் ஒரு கதையும் கட்டிக்கொண்டது. ஆனால் நண்பர் நடத்திய வகுப்பை நாம் பின்வரிசையிலிருந்து பார்த்திருந்தோம். மான் திரும்பி வருமா வராதா என்று பிள்ளைகள் மூச்சடக்கிக் கேட்டார்கள். சீறாவை நெஞ்சில் வைத்துப் போற்றும் நம்மைவிடத் தேவாரக்காரர் அதை நன்றாய் நடத்தினார் என்பதை மறுக்க முடியவில்லை.

பிறகொரு நாள் நாமே கேட்டோம். அப்பரை மன்னன் கல்லிற் பிணித்துக் கடலில் எறியச் செய்ததாய் வழங்கும் வரலாற்றையும், முதுமையிலும் கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில் தரையின் புல் செதுக்கிய தொண்டையும் அவர் சொன்னார். தம் பாட்டனார் விடியலில் அந்தப் பாடலைப் பாடும்போது குரல் எங்கே தழுதழுக்கும் என்று பாடியே காட்டினார். கொள்கையால் அது நம்முடையதன்று, இன்றும் நம்முடையதன்று. ஆனால் ஒரு மனிதன் எதன் முன் தழுதழுக்கிறான் என்று தெரிந்தபின், அவன் பாடலைச் சீர் பிரித்து மட்டும் ஓட்டிவிட முடியாது. அடுத்த பயிற்சி வகுப்பில் நாம் அதே பாடலை வேறு பிரிவுக்கு நடத்தினோம். எப்படி நடத்தினோம் என்பதை நாமே சொல்லிக்கொள்வது அழகன்று. மணியடித்தபோது பாடம் முடியவில்லை என்று மட்டும் சொல்வோம்.

இந்த நிகழ்ச்சியை எந்தப் பல்கலைக்கழகமும் திட்டமிடவில்லை. அகரவரிசைப்படி பலகையில் இடம் கொடுத்த எழுத்தரின் செயல் அது. நம் வினா இங்கேதான் கூர்மையடைகிறது. ஒரு தலைமுறைக்கு நேர்மையையும் சக வாழ்வையும் கற்பிக்கப் போகும் ஆசிரியர் உருவாவது இத்தகைய தற்செயலை நம்பியா இருக்க வேண்டும்?

கலந்து பழகினால் ஈமான் தளரும் என்று அஞ்சுவோர்க்கு நாம் வேறெங்கும் போக வேண்டாம், நம் மத்ரஸாப் பாடத்துக்கே போகலாம் என்போம். முனாளரா என்னும் வாதக்கலையை நாம் ரஷீதிய்யா என்ற கிதாபில் ஓதினோம். அக்கலையின் நோக்கம் உண்மையை வெளிப்படுத்துவது. எதிராளியை வீழ்த்துவது நோக்கமானால் அதற்கு வேறு பெயர், அது இழிந்தது என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுவார்கள். வாதத்தில் பிறர் கூற்றை எடுத்துரைப்பவன், அது உண்மையில் அவர் கூற்றே என்று முதலில் நிறுவ வேண்டும். வழக்கு எந்த இடத்தில் என்பதையும் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுப்பதற்கு முன்பே இவ்வளவு கடமைகள். பிறர் கொள்கையைப் பிழையற எடுத்துச் சொல்வது வேறு, அதை ஏற்பது வேறு என்ற தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞரிடம் இருந்தது. அல்பீரூனி சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து, 1030 ஆம் ஆண்டையொட்டி இந்தியரின் சமயமும் அறிவியலும் வழக்கங்களும் பற்றி எழுதிய நூலின் முகப்பிலேயே, இது மறுப்பு நூலன்று, அவர்கள் சொல்வதை உள்ளபடி உரைப்பதே என் வேலை என்ற கருத்தைத் தெளிவாக்கிவிடுகிறார். அவர் தம் மார்க்கத்தை விட்டாரில்லை. பிடிக்காதவற்றைப் பிடிக்கவில்லை என்றும் எழுதினார். நாமோ முனாளராவை ஓதிவிட்டு, அதை நமக்குள்ளேயே பிறை பார்ப்பதிலும் ஃபாத்திஹா ஓதுவதிலும் வாதிட்டுச் செலவழித்தோம்.

ஜனநாயகத்தைப் பற்றியும் ஒரு சொல். பி.எட். படிக்கும் எவரும் ஜான் டூயி என்ற அமெரிக்க அறிஞரின் பெயரைத் தப்ப முடியாது. 1916 இல் வெளிவந்த அவரது 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற நூலின் சாரம் தேர்வில் நிச்சயம் வரும். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற அம்பேத்கர்தான் பின்னர் நம் அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சேர்ந்து வாழும் முறையே ஜனநாயகம் என்பது டூயி கருத்தின் உயிர். அதை நாம் எப்படிக் கற்றோம்? விரிவுரையாளர் குறிப்பை வாசிப்பார். எண்பது பேர் தலை குனிந்து எழுதுவோம். இடையில் ஒருவர் ஐயம் கேட்டபோது, "தேர்வுக்கு இது போதும், உட்காருங்கள்" என்று விடை வந்தது. கேள்வி கேட்கக்கூடாத வகுப்பில் ஜனநாயகத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதித் தேறினோம். 2015 முதல் பி.எட். பயிற்சி ஈராண்டாயிற்று. நீட்டிய காலத்தில் குறிப்பும் நீண்டால் பயனில்லை. ஷூராவின் சிறப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, எவரையும் கேளாமல் தீர்மானம் நிறைவேற்றும் நம் ஜமாஅத்துக் கூட்டங்களை எண்ணிக்கொண்டதால், விரிவுரையாளரை மட்டும் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நண்பர் வந்தார். நாம் எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. நம் கல்லூரியின் முதல்வரைச் சந்தித்து மூன்று செய்திகளை விசாரித்து வரச் சொன்னோம். கற்பித்தல் பயிற்சிக்கு மாணவியரை நம் பள்ளிக்கு மட்டும் அனுப்புகிறார்களா, பிற பள்ளிகளுக்கும் அனுப்புகிறார்களா? பாடக்குறிப்பைப் பிற சமயத்து மாணவியோடு இணைந்து எழுதும் வழக்கம் உண்டா? வகுப்பில் விரிவுரையாளரை மறுத்துப் பேச இடமுண்டா? இம்மூன்றும் இருந்தால் நம் கல்லூரியே போதும். இல்லையேல் அரசுக் கல்லூரிக்கு அனுப்பி, தொழுகைக்கும் உணவுக்கும் வேண்டிய ஏற்பாட்டை நாம் செய்துகொள்ளலாம் என்பது நம் கருத்து. நண்பர்க்கு இது நிறைவளிக்கவில்லை. ஹஜ்ரத்திடம் ஃபத்வா கேட்டால் மனுப்போடச் சொல்கிறாரே என்று முணுமுணுத்தார்.

அன்று அவரோடு மகளும் வந்திருந்தாள்; நம் வீட்டாரோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தவள் வாயிற்படியில் வந்து நின்று கேட்டாள். "மாமா, நீங்கள் எல்லாம் நான் அங்கே போய் அவர்களை அறிவது பற்றியே பேசுகிறீர்கள். நம் கல்லூரியில் சேரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் மற்றவர்கள் என்று அத்தா சொல்கிறார்கள். ஈராண்டு நம் வளாகத்தில் இருந்துவிட்டுப் போகும் அந்தப் பிள்ளைகள் நம்மைப் பற்றி என்ன தெரிந்துகொண்டு போகிறார்கள்? அவர்களில் யாராவது உங்கள் நண்பரைப் போல ஒரு கேள்வி கேட்டிருப்பார்களா? கேட்டால் பதில் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?"

தஃபாஉலின் இலக்கணத்தை நாற்பதாண்டு ஓதியும் ஓதிக் கொடுத்தும் வந்த நமக்கு அந்தப் பக்கத்திலிருந்து வினா வரும் என்று தோன்றவில்லை. நண்பர் மகளைப் பார்த்தார்; நாம் நண்பரைப் பார்த்தோம். விண்ணப்பம் சேர்க்கக் கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. முதல்வரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்திருந்த தாளை அவள் வாங்கி, நாலாவதாக ஒன்றைத் தன் கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டாள்.